பழைய பட்டன் டயர் வாங்கலாமா? – டயர் கடைக்காரர் பதில்கள்

கேள்வி: என்னிடம் 2016 மாடல் மஹிந்திரா தார் இருக்கிறது. போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கம் உள்ள ஏலத்தோட்டத்துக்கு அடிக்கடி போய்வருகிறேன். கடைசி 4 கிலோமீட்டர் மண் பாதை; ஜூன் பிறந்தால் சேறு. மூணாறில் ஒருவர் தன் வண்டியில் ஓடிய 4 சேற்று டயர்களை 16,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். டயர்மேல் துருத்தி நிற்கும் ரப்பர் பட்டன்கள் நல்ல உயரமாக இருக்கின்றன. வாங்கலாமா ஐயா?
– தோட்டக்காரர், போடிநாயக்கனூர்

பதில்: பணத்தைக் கொடுப்பதற்கு முன் நான்கையும் ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். கழற்ற முடியாது என்று அவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பட்டன் உயரத்தை வைத்துப் பழைய டயர் வாங்குவது, கொம்பைப் பார்த்து மாடு பிடிப்பது போலத்தான்.

ஏன் உள்பக்கம்? சேற்றில் இறங்குகிறவர்கள் டயர் அகலமாகப் பதியட்டும் என்று காற்றை 18, 20 பவுண்டு வரை குறைப்பார்கள். அது சரியான முறைதான். ஆனால் மேலே வந்ததும் காற்றை நிரப்பாமல், அப்படியே தார்ச் சாலையில் வேகமாக ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கவாட்டு மடங்கி நிமிர்ந்து சூடாகி, உள்ளே இருக்கும் நூல் நைந்துவிடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. கழற்றிய டயருக்குள் கையை விட்டு, பட்டன் பகுதி முடிந்து பக்கவாட்டு தொடங்கும் இடத்தை முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். வளையம் போட்டதுபோல் சுருக்கமோ கறுத்த பட்டையோ தட்டுப்பட்டு, விரலில் ரப்பர் தூள் ஒட்டினால் அந்த டயரை ஓரமாக வைத்துவிடுங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பஞ்சர் ஒட்டு பட்டன் பகுதியின் நடுவில் இருந்தால் பரவாயில்லை. பக்கவாட்டில் இருந்தால் மலைப்பாதைக்கு ஆகாது.

அடுத்தது வயது. டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள்தான் பிறந்த தேதி. 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். முழு வரி பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அது வண்டிக்கு அடிப்பக்கமாகப் போயிருக்கலாம். ஆகையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஐந்து வயது தாண்டிய டயரை நான் யாருக்கும் வாங்கிக்கொடுப்பதில்லை. ஓடாமல் கொட்டகையில் கிடந்த டயரும் வெயிலிலும் காற்றிலும் கெட்டிப்பட்டுத்தான் போயிருக்கும். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தை விரித்துப் பாருங்கள், மெல்லிய வெடிப்புகள் அங்கேதான் முதலில் தெரியும். நகத்தை அழுத்தினால் கொஞ்சமும் பதியாத ரப்பர் ஈரத் தாரில் வழுக்கும். விற்கிறவர் கறுப்பு பாலீஷ் பூசியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். வெடிப்பை மறைக்கத்தான் பல நேரம் அதைப் பூசுகிறார்கள்.

உயரத்தையும் அளந்துவிடுங்கள். பள்ளத்தில் தீக்குச்சியை இறக்கி, நகத்தால் குறித்து, ஸ்கேலில் வைத்தால் போதும். புதிய சேற்று டயரில் ஆழம் 14, 15 மில்லிமீட்டர் இருக்கும். பாதிக்குக் கீழே வந்துவிட்டால் தாரில் ஓடும், சேற்றைக் கடிக்காது. பள்ளத்தின் விளிம்புகள் கத்தியால் சீவியதுபோலக் கூர்மையாக இருந்தால் தேய்ந்த டயரில் மறுபடி பள்ளம் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கம்பி வலை அந்த வெட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டன்கள்மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம்போலவும் இருந்தால் நாள் முழுவதும் காதில் ஊளைதான்.

அளவு 235/70 ஆர்16 என்பதை விட்டு மாறாதீர்கள். அதற்கு மேல் பெரிய டயர் திருப்பத்தில் உரசும்; மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி வம்பும் வரலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். போன மழைக்காலத்தில் வண்டி உண்மையிலேயே சேற்றில் மாட்டியதா? மாட்டவில்லை என்றால் உங்களுக்குச் சேற்று டயரே வேண்டியதில்லை. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி கொண்டை ஊசி வளைவுகள். பட்டன் டயரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். மேலே மஞ்சு இறங்கும் நாளில் அந்தத் தூரம் கிடைக்காது. சேற்று டயருக்கும் சாதாரணச் சாலை டயருக்கும் நடுத்தரமான ஆல் டெரைன் டயரே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

கேள்வி: காசு குறைவு. பின்னால் மட்டும் இரண்டு பட்டன் டயர் போட்டு ஓட்டலாமா?
– ஜீப் ஓட்டுநர், சின்னமனூர்

பதில்: நான்கு சக்கர இழுவையைப் போடாத வண்டி என்றால் சமாளிக்கலாம். போடுகிற வண்டி என்றால் கூடாது. முன் டயரைவிடப் பின் டயரில் 5 மில்லிமீட்டர் ஆழம் கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 31 மில்லிமீட்டர் தூரம் வேறுபடும். உங்கள் வகை ஜீப்பில் முன் அச்சையும் பின் அச்சையும் கியர்பாக்ஸ் ஒரே வேகத்தில் இறுக்கிப் பிடிக்கிறது. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசம் தீர்ந்துவிடும். பாறையிலும் தாரிலும் வழுக்க இடமில்லை. பாரம் முழுவதும் கியரின்மேல் ஏறும்.

கேள்வி: ரீட்ரெடிங் செய்த, அதாவது தேய்ந்த டயரின்மேல் புதுப் பட்டை ஒட்டிய, பட்டன் டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?
– வாசகி, கம்பம்

பதில்: தோட்டத்துக்குள் முதல் கியரில் உரமூட்டை ஏற்றி இறக்கும் வண்டிக்குப் போடுங்கள். குமுளி மலைப்பாதையில் இறங்குகிற வண்டிக்கு வேண்டாம். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கும் போகும், சரியாக ஒட்டாத மேல் பட்டை அங்கேதான் பிய்த்துக்கொள்ளும். வாங்குவதானால் ஒட்டிய விளிம்பைச் சுற்றிலும் நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஓர் இடத்தில் தூக்கினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.