மாவுச்சத்தைக் குறைத்த பிறகு கால் கனக்கிறதா?

வணக்கம். பனியால் வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி) ஓட்டுகிறீர்கள், மூன்று வாரமாகச் சோறும் ரொட்டியும் தொடவில்லை, எடை 3 கிலோ இறங்கியும் இன்டர்வெல்லில் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி மிதிக்கும் பயிற்சி) கால் கனக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த 3 கிலோவில் பெரும்பங்கு தண்ணீராகத்தான் இருக்கும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்படும் மாவுச்சத்துதான் கிளைக்கோஜன்; அதில் ஒரு கிராம் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரைந்தால் நீரும் போய்விடும். உடல் கொழுப்பை எரிக்கப் பழகுகிறது, உண்மைதான். ஆனால் அதே வேகத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் செலவாகிறது. 2017இல் ஆஸ்திரேலியாவின் லூயிஸ் பர்க் குழு, போட்டி நடை வீரர்களிடம் இதைத்தான் கண்டது. மெதுவாக ஓட்டும்போது இது தெரியாது. இன்டர்வெல்லில் தெரிந்துவிடும்.

அதனால் முழுக்க விட்டுவிடாமல் நாள் பார்த்துச் சாப்பிடுங்கள். பேசினாலும் மூச்சு வாங்காத வேகத்தில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுவதற்கு முட்டை, காய்கறி போதும். இன்டர்வெல் நாளில் இரண்டு மணி நேரம் முன்பே ஒரு தட்டுச் சோறோ ஓட்ஸோ சாப்பிட்டுவிடுங்கள். போன குளிர்காலத்தில் நான்காவது சுற்றில் என் கேடன்ஸ் (நிமிடத்துக்கு மிதி சுற்றும் எண்ணிக்கை) 90இலிருந்து 70க்கு விழுந்துகொண்டே இருந்தது. சோறு திரும்பியதும் நின்றது.

அப்புறம் உப்பு. மாவுச்சத்து குறைந்தால் சிறுநீரில் சோடியம் கூடுதலாகப் போகும், டிரெய்னருக்கு அடியில் விரித்த துண்டும் வியர்வையில் பிழியும் அளவுக்கு நனையும். ரத்த அழுத்தம் இல்லையென்றால் பாட்டிலில் இரண்டு சிட்டிகை போடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாவுச்சத்துக் குறைப்பைத் தொடர வேண்டாம்.