நீலகிரியில் மக்கள்தொகை குறைந்தது ஏன்? பிறப்பு குறைந்ததாலா, ஆட்கள் வெளியேறியதாலா?

ஆட்கள் வெளியேறியதால்தான். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

2001 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 7,62,141 பேர், 2011-ல் 7,35,394. அதாவது 26,747 பேர் குறைவு. அதே பத்தாண்டில் தமிழ்நாடு 15.6% வளர்ந்தது. நாடோ மாவட்டமோ, வழி ஒன்றுதான்: பிறப்பில் இறப்பைக் கழித்து, வந்தவர்களைக் கூட்டி, போனவர்களைக் கழிக்க வேண்டும். இந்தியா அளவுக்குப் பெரிய நாட்டில் வரவும் போக்கும் சிறு எண்கள். மலை மாவட்டத்தில் அவைதான் தீர்மானிக்கும்.

2011-ல் 0–6 வயதுக் குழந்தைகள் 66,799 பேர். ஏழால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 9,500 பிறப்பு. ஆயிரத்துக்கு ஏழரை இறப்பு என்று வைத்தால் 5,500. மிச்சம் 4,000. பத்தாண்டில் 40,000 பேர் கூடியிருக்க வேண்டும். கூடாமல் 26,747 குறைந்திருக்கிறது. ஆக, வந்தவர்களைவிடப் போனவர்கள் ஏறக்குறைய 67,000 பேர் அதிகம். இறப்பை ஆயிரத்துக்குப் பத்து என்று உயர்த்திப் போட்டாலும் இது 48,000-க்குக் கீழே இறங்காது.

பிறப்புப் பதிவேட்டை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் வழுக்குவது ஒரே இடத்தில்தான். பிறப்பு, நடந்த இடத்தில்தான் பதிவாகும். குன்னூர்க்காரர் கோவையில் பிரசவம் பார்த்தால் குழந்தை கோவைக் கணக்கில் சேரும். பெற்றோரின் வசிப்பிட வாரியான அட்டவணையைத்தான் எடுக்க வேண்டும்.

பச்சைத் தேயிலை விலை விழுந்த ஆண்டுகளில் திருப்பூருக்கும் கோவைக்கும் குடும்பங்கள் இறங்கின. அதற்கு முன் ஓட்டம் எதிர்த்திசையில் இருந்தது: 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் பலர் இங்கே குடியேறினார்கள். 1971–81-ல் தமிழ்நாடு 17.5% வளர, நீலகிரி 27.6% வளர்ந்தது.

இறங்கிப் போவது பெரும்பாலும் இளவயதினர். அவர்களோடு அடுத்த தலைமுறைப் பிறப்புகளும் போய்விடுகின்றன. ஹட்டியில், அதாவது படகர் ஊர்களில், முதியவர்கள் மிஞ்சுகிறார்கள். என் கவலை இதில்தான்.

ஆயுள் கூடினால் இறப்பு விகிதம் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் குறையும், முதியோர் பெருகியதும் ஏறும். 2019-ல் ஜப்பானில் சராசரி ஆயுள் சுமார் 84, இந்தியாவில் சுமார் 70. ஆனால் ஆயிரத்துக்கு இறப்பு அங்கே 11, இங்கே 6. எனவே மலையில் இறப்பு விகிதம் ஏறுவதைக் கண்டால் உடனே மருத்துவ வசதியைக் குறை சொல்லாதீர்கள். முதலில் வயதுவாரிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.