தொண்ணூத்தி ரெண்டுக்கு அழற பொண்ணு

கேள்வி: அக்கா, நான் வீட்லயே பனியன் பிசிர் வெட்டி மடிச்சு குடுக்கற வேலை பாக்கறேன், வீட்டுக்காரர் கம்பெனில கட்டிங் மாஸ்டர். பொண்ணு அஞ்சாவது படிக்கறா. மூணு வயசுலயே பஸ் போர்டு படிச்சவ. டீச்சர் கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் சொல்லிருவா, வீட்ல புக்கை தொட்டதே இல்ல, ஆனா எப்பவும் நூத்துக்கு நூறுதான். சொந்தக்காரங்க எல்லாரும் 'கலெக்டரம்மா'ன்னுதான் கூப்பிடுவாங்க. போன மாசம் ஒரு கணக்கு போட்டிக்கு போனா, செலக்ட் ஆகல. அதுலருந்து கணக்குன்னாலே வயிறு வலிக்குதுங்கறா, போன வாரம் ஸ்கூல் டெஸ்ட்ல 92 வந்ததுக்கு பேப்பரையே கிழிச்சு போட்டுட்டா. நான் பத்தாவது பெயில், இவள எப்படி தேத்தறதுன்னு தெரியல. டியூஷன் போடலாமா? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: மொதல்ல வயித்து வலிய ஒரு டாக்டர்கிட்ட காட்டிருங்க தங்கச்சி, எல்லாமே மனசுதான்னு நாமளா முடிவு பண்ண வேண்டாம். அங்க ஒண்ணும் இல்லன்னா அப்புறம் மீதிய பேசுவோம்.

மத்த புள்ளைங்க எல்லாம் ரெண்டாவதுலயே வாய்ப்பாடு வராம முழிச்சு, அழுது, திரும்ப படிச்சு, 'இப்ப வரல, நாளைக்கு வந்துரும்'னு பழகிருச்சுங்க. உங்க பொண்ணுக்கு அந்த பழக்கமே இல்ல, ஏன்னா அவளுக்கு வராதுன்னு ஒண்ணு இதுவரைக்கும் வந்ததே கிடையாது. பத்து வயசுல மொத தடவையா தெரியலன்னு ஒரு இடத்துல நின்னா பயம்தான் வரும், அதுவும் ஊரே கலெக்டரம்மான்னு கூப்பிடுறப்ப. அவ கிழிச்சது பேப்பர இல்ல, அந்த பட்டம் போயிருமோங்கற பயத்த.

1998ல க்ளாடியா முல்லர், கரோல் ட்வெக்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. அஞ்சாவது படிக்கற புள்ளைங்கதான், உங்க பொண்ணு வயசு. கொஞ்சம் புதிர் குடுத்து, போட்டு முடிச்சதும் சில பேர்கிட்ட 'நீ புத்திசாலி'ன்னாங்க, சில பேர்கிட்ட 'நல்லா உழைச்சிருக்க'ன்னாங்க. அடுத்து எது வேணும்னு கேட்டப்ப புத்திசாலிங்கற பேர் வாங்கினதுல நெறைய பேர் சுலபமானத எடுத்துக்கிச்சு, கஷ்டமானதுல தோத்த பின்னாடி மறுபடி சுலபமானது குடுத்தா அதுலயும் முன்னவிட கம்மியா போட்டாங்க, எவ்ளோ மார்க்குன்னு எழுத சொன்னப்ப பத்துல நாலு பேர் கூட்டியே எழுதினாங்க. பாவம், பேர காப்பாத்தணுமே! அதனால மாமா, சித்தப்பா எல்லார்கிட்டயும் போன் போட்டு அந்த கலெக்டர் பேச்ச நிறுத்த சொல்லுங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

அதுக்காக நூறு வாங்குனா 'நல்லா உழைச்ச கண்ணு'ன்னு போய் சொல்லிராதீங்க, உழைக்கலன்னு அவளுக்கே தெரியும், இந்த மாதிரி புள்ளைங்க பொய்ய மோப்பம் பிடிச்சிரும். 'இது உனக்கு ரொம்ப சுலபமா இருந்திருக்கு போல, வா கொஞ்சம் கஷ்டமா ஒண்ணு தேடலாம்'னு சொல்லுங்க, அது உண்மை.

அந்த கஷ்டமானது உங்க வீட்டு வாசல்லயே இருக்கு. கோலம் போடுவீங்கல்ல? ஊடு புள்ளி வைக்க சொல்லுங்க அவள, அதான் நடு வரிசைக்கு மேலயும் கீழயும், ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒண்ணுன்னு வச்சு வரிசைக்கு ஒண்ணா கொறச்சுக்கிட்டே போறது. ஒத்த புள்ளி ஒண்ணு. அப்புறம் 3 புள்ளி, ஊடு புள்ளி 2 வரைக்கும். அப்புறம் 5ல ஆரம்பிச்சு 3 வரைக்கும், அதுக்கப்புறம் 7ல ஆரம்பிச்சு 4 வரைக்கும். ஒவ்வொண்ணுலயும் மொத்தம் எத்தனை புள்ளின்னு கேளுங்க: 1, 7, 19, 37. இது வரைக்கும் சுலபம், எண்ணிருவா. அடுத்தது 9 புள்ளி, 5 வரைக்கும், இத எண்ணாமலே சொல்லுன்னு கேளுங்க, அங்கதான் நிப்பா. (61. நீங்க வச்சுக்கங்க, சொல்லாதீங்க!) அதையும் கண்டுபிடிச்சுட்டான்னா மொதல்லருந்து ஒண்ணொண்ணா கூட்டிக்கிட்டே வர சொல்லுங்க, ஒண்ணும் ஏழும் எட்டு, அதோட 19 சேந்தா 27, அதோட 37 சேந்தா 64, இந்த நம்பர எல்லாம் எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு யோசிக்க விடுங்க. ரெண்டை மூணு தடவ வச்சு பெருக்குனா 8, மூணுக்கு 27, நாலுக்கு 64. ஏன் அப்படி வருதுன்னு கேட்டா பெரியவங்களுக்கே ரெண்டு நாள் வேலை.

அவ சிக்கி நிக்கறப்ப நீங்க என்ன பண்றீங்கங்கறதுதான் முக்கியம். பதில் சொல்லாதீங்க, 'உனக்கா தெரியல?'ன்னு கேக்கவே கேக்காதீங்க. பத்து நிமிஷம் முயற்சி பண்ணட்டும், வரலயா, நோட்ட மூடி வச்சுட்டு சாப்பிட போங்க, மறுநாள் திரும்ப எடுங்க. அழுதா அழட்டும், பக்கத்துல உக்காந்து பிசிர் வெட்டுங்க. ஒரு தடவ ராத்திரி வராதது காலைல வந்துருச்சுன்னா அந்த ஒரு தடவ போதும், 92க்கு அழற புள்ள கொஞ்சம் கொஞ்சமா எந்த எட்டு மார்க்கு போச்சுன்னு தேட ஆரம்பிச்சிரும். கிழிச்ச பேப்பர செலோடேப் போட்டு ஒட்டி வச்சிருங்க, இப்ப காட்ட வேண்டாம், அவளே கேப்பா.

டியூஷன் இப்ப வேண்டாம். தெரிஞ்ச பாடத்தயே சாயங்காலமும் திரும்ப நடத்துவாங்க, புள்ளைக்கு கொட்டாவிதான் வரும். நீங்க பத்தாவது பெயில்ங்கறத அவகிட்ட சொல்லிருக்கீங்களா? சொல்லலன்னா சொல்லுங்க. தனித்தேர்வரா திரும்ப எழுத முடியும், கணக்கு சொல்லிக்குடுக்க வீட்லயே ஆள் இருக்கு.

கேள்வி: மேடம், பையன் எட்டாவது. கணக்குல புலி. ஆனா ஸ்டெப்பே எழுத மாட்டான், விடை மட்டும் எழுதிட்டு வந்துருவான், மார்க் போகுது. தமிழ், சோஷியல் பக்கமே போறதில்ல. ராமானுஜனும் அப்படித்தானேன்னு நான் விட்டுட்டேன், வீட்ல அவங்க அம்மா சண்டை போடறாங்க. யார் பக்கம் நியாயம்? (மதுரை வாசகர்)

பதில்: அம்மா பக்கம்தான் சார், மன்னிச்சுருங்க.

ராமானுஜன் கதைய நாம எப்பவும் கேம்பிரிட்ஜ்லருந்துதான் ஆரம்பிக்கறோம். அதுக்கு முன்னாடி கும்பகோணம் காலேஜ்ல கணக்கு தவிர மத்தத கவனிக்காம ஸ்காலர்ஷிப் போச்சு, 1905ல வீட்ட விட்டே ஓடி போனாரு, அப்புறம் சென்னைல பச்சையப்பன்ல சேந்தும் எஃப்.ஏ.ங்கற அந்த காலத்து காலேஜ் பரீட்சைல தேற முடியல, 1912ல துறைமுகத்துல மாசம் முப்பது ரூபாய்க்கு கிளர்க் வேலை. அத்தனை வருஷம் பட்ட கஷ்டத்த யாராவது பையனுக்கு சிபாரிசு பண்ணுவாங்களா? ஸ்டெப் எழுதாததுக்கும் காரணம் திமிர் இல்ல, பேப்பர் வாங்க காசு இல்ல, சிலேட்ல போட்டு முழங்கையால அழிச்சுட்டு விடைய மட்டும் நோட்ல ஏத்துனாரு. அப்புறம் அவர கேம்பிரிட்ஜுக்கு கூப்பிட்ட கணித மேதை ஹார்டி கேட்டதும் நிரூபணம் எங்கன்னுதான்.

உங்க பையன் கணக்கு ஒலிம்பியாட் போட்டி பக்கம் போற ஆளா இருந்தா அவனுக்கே புரியற மாதிரி சொல்லலாம். ஐஓக்யூஎம்ங்கற மொத ரவுண்டு தேர்வுல விடை மட்டும் போதும், ஆனா மேல போய் ஐஎன்எம்ஓங்கற தேசிய அளவு தேர்வு வந்தா முழு நிரூபணம் எழுதணும், அங்க வெறும் விடைய வச்சுட்டு ஒண்ணும் பண்ண முடியாது. வீட்ல ஒரு வழி: வாரத்துல ஒரு கணக்கு, அத அவங்க அம்மாவுக்கு புரியற மாதிரி எழுதி குடுக்கணும், அம்மா 'இந்த லைன் எப்படி வந்துச்சு'ன்னு கேட்டா திரும்ப எழுதணும். சண்டையும் கொஞ்சம் குறையும். தமிழ்ல பாஸ் மார்க்குக்கு மேல கொஞ்சமாவது வாங்கட்டும், எழுத தெரியாதவனுக்கு நிரூபணமும் எழுத வராது.

கேள்வி: பேத்திக்கு ஆறு வயது. ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா? (தஞ்சாவூர், ஓய்வு பெற்ற தபால்காரர்)

பதில்: படிக்கறதுல சிரமமோ பேச்சுல தாமதமோ இருந்து டாக்டர் சொன்னா எடுங்க ஐயா. தெருவுல சொல்லிக்கறதுக்குன்னா வேண்டாம். 1921ல லூயிஸ் டெர்மன்னு ஒருத்தர் கலிபோர்னியாவுல ஐ.க்யூ. அதிகமா இருக்கற புள்ளைங்கள தேடித்தேடி ஆயிரத்து ஐநூறு பேர் போல சேத்தாரு. டெஸ்ட் எழுதியும் அதுல இடம் கிடைக்காம போனவங்கதான் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். ஒருத்தருக்கு 1956லயும் இன்னொருத்தருக்கு 1968லயும் இயற்பியல் நோபல் வந்துச்சு. அவர் தேடி சேத்த புள்ளைங்கள்ல ஒருத்தருக்கும் நோபல் வரல.

தபால்காரரா இருந்தீங்கன்னு எழுதிருக்கீங்க. பின்கோடுல மொத நம்பர் எதுக்கு, தஞ்சாவூருக்கு ஏன் 6ல ஆரம்பிக்குது, டெல்லிக்கு ஏன் 1ன்னு பேத்திக்கு சொல்லிக்குடுங்க. வீட்டுக்கு வர்ற கவர் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து இது எந்த ஊருன்னு உங்க உயிர எடுப்பா.