பாதர்ஸ்ட் வீதியில் யூதப் பள்ளிக்கூடங்களுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

தம்பி, ரொறன்ரோவில் பாதர்ஸ்ட் ஷெப்பர்ட் பக்கம் பேஸ்மென்ட் எடுத்திருக்கிறீர்கள், சந்தோஷம். பக்கத்து வீட்டு யூதப் பிள்ளைகள் தங்கள் சமயப் பள்ளிக்கே போகிறார்கள், அரசாங்கமா காசு கொடுக்கிறது, எங்கள் மகனையும் பிரைவேட்டில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். குளிர் ஜாக்கெட்டும் போன் பிளானும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். இதை நான்தான் சொல்ல வேண்டும். 1991 மாசியில் வந்து இறங்கிய எனக்கு முதல் வேலையே அந்த வீதியில் ஒரு யூதப் பள்ளிக்கூடத்தில் இரவு கிளீனிங்தான்.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் சமயப் பள்ளி நடத்த அரச பணம் கத்தோலிக்கருக்கு மட்டும்தான். அது கனடாவின் 1867 அரசியலமைப்பில் வந்த உரிமை. யூதப் பெற்றோர் வழக்குப் போட்டு 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2007 மாகாணத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் ஜோன் ரோரி எல்லாச் சமயப் பள்ளிகளுக்கும் கொடுப்பேன் என்று சொன்னார், அவரும் தோற்றார். ஆகவே பெற்றோர்தான் கட்டுகிறார்கள். சமயப் பாடத்துக்கான பங்குக்கு நன்கொடை ரசீது கிடைக்கும், வரியில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கட்ட முடியாதவர்களைத் தாங்குவது யூஜேஏ ஃபெடரேஷன் என்ற யூதச் சமூக அமைப்பு. வருடா வருடம் ரொறன்ரோ யூதர்களிடம் பணம் திரட்டி, முதியோர், ஏழைகள், பள்ளிகள் என்று பிரித்துக் கொடுக்கிறது. பள்ளிக்குப் போகும் பங்கில் பெரும்பகுதி வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளின் கட்டணக் கழிவுக்குத்தான். டனன்பாம் சாட் என்ற உயர்நிலைப் பள்ளியில் கட்டணம் 28,000 டொலரை நெருங்கிப் பிள்ளைகள் குறைந்தபோது, 2017இல் பெருங்கொடையாளர்கள் ஃபெடரேஷன் வழியாகக் கைகொடுத்து அதை 18,500க்கு இறக்கினார்கள். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

எங்கள் ஆட்கள் சிலர் "யூதன் என்றால் பணக்காரன்" என்பார்கள். நம்ப வேண்டாம். ஒரு இரவு நான் நடைபாதை துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தகப்பன் மடியில் தொப்பியை வைத்து, வரிக் கடதாசிகள் நிறைந்த பழுப்புக் கவரைப் பிடித்தபடி கட்டணக் கழிவு கொடுக்கும் குழுவின் கதவுக்கு வெளியே காத்திருந்தார். ஈரத்தில் மிதிக்கக் கூடாதென்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அவர் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். யாருக்கு எவ்வளவு என்று ஒரு பேச்சும் வெளியே வரவில்லை. உதவி செய்தால் அப்படிச் செய்ய வேண்டும். எங்களில் பலர் நூறு டொலர் கொடுத்தாலும் மேடையில் பொன்னாடை கேட்கிறார்கள். சேர்ந்தால் முடியாததும் இல்லை: ரொறன்ரோப் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் டொலர் சேர்த்தவர்களும் நாங்கள்தான். ஆனால் மண்டபத்துக்கும் அரங்கேற்றத்துக்கும் கொட்டும் காசில் பாதியாவது சின்னப் பிள்ளைகளின் படிப்புக்கு வந்திருந்தால்!

நீங்கள் பிரைவேட் பக்கம் போக வேண்டாம், தம்பி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கிரெடிட் கார்டில் இழுத்துக் கட்டினது. ஒரு வருடத்தில் அந்தச் சின்னப் பள்ளியே பூட்டுப்பட்டது, கட்டின காசு திரும்பவில்லை. பக்கத்து அரசுப் பள்ளியில் சேருங்கள். பள்ளிச் சபைகள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும் கையோடு விசாரியுங்கள். வீட்டு ஒப்பந்தம், பாஸ்போர்ட், ஊசி அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். என் மகளை ஊசி அட்டை இல்லாமல் கூட்டிப்போய், பனிக்குள் இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தோம். அவள் காலில் இருந்தது ஊரில் வாங்கின கன்வஸ் சப்பாத்து.