டொஸ் போட முதல் அடுப்பை நூத்திடுங்கோ

கேள்வி: அக்கா, வாற ஞாயிற்றுக்கிழமை இலங்கை விளையாடுற ஒருநாள் மட்ச் பார்க்க எங்கட வீட்டை 15 பேர் மட்டில வருகினம். இவற்ற சிநேகிதர் ஆக்கள், மச்சாள் குடும்பம், அதில ரெண்டு பேர் சைவம். மட்ச் பின்னேரம் ரெண்டரைக்குத் தொடங்குது. போன முறை முழுக்க நான் குசினிக்குள்ள நிண்டு பொரிச்சுக்கொண்டே இருந்தன், கடைசி ஓவர் கூடப் பார்க்கேல்ல. எனக்கும் கிரிக்கெட் எண்டா உயிர். என்ன சமைக்கிறது, எப்ப சமைக்கிறது?
- வாசகி, கோப்பாய்

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தில அந்தக் கடைசி ஓவர் கதையை வாசிக்க எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ செய்திச்சு. வந்த ஆக்களை விட நீங்கள்தான் முதல்ல கதிரையில இருக்க வேணும், அதை மனசில வைச்சுத்தான் நான் இதைச் சொல்லுறன்.

2023 செப்டம்பர் 17, ஆசியக் கிண்ண ஃபைனல் ஞாபகம் இருக்குத்தானே? அண்டைக்கு எங்கட வீட்டிலயும் சனம். இரவுச் சாப்பாட்டுக்குத்தானே எண்டு நான் ஆறுதலா இறைச்சியை அடுப்பில வைச்சன், இஞ்சால இந்தியாவின்ர சிராஜ் ஒரு ஓவரில நாலு விக்கெட் எடுத்திட்டான், எங்கட பெடியள் 15.2 ஓவரில 50க்கு ஓல் அவுட், இந்தியா 6.1 ஓவரில அடிச்சு முடிச்சிட்டுது. கறி இறக்கேல்ல, வந்த பிள்ளையள் முகம் வாடி எழும்பிப் போயிட்டினம். வெறும் வயித்தோட அனுப்பினது எனக்கு இண்டைக்கும் மனவருத்தம்தான். மட்ச் எப்ப முடியுமெண்டு ஆராலயும் சொல்லேலாது, அதால சமையலை மட்ச் நேரத்தோட கட்டாதேங்கோ. டொஸ் போட முதல் எல்லாம் முடிஞ்சு மூடி இருக்க வேணும்.

ரெண்டரைக்கு எல்லாரும் மத்தியானச் சோறு திண்டிட்டுத்தான் வருவினம், ஒருத்தருக்கும் பசியிராது. ஒரு ரின் தட்டை வடை, பருத்தித்துறைப் பக்கம் சுடுறது, காத்துப் போகாம மூடி வைச்சா நாள்க்கணக்கில மொறுமொறுப்பு மாறாது, அதை நடுவில வைச்சிட்டு விடுங்கோ. தேத்தண்ணியைப் பெரிய பிளாஸ்க்கில ஊத்தி வையுங்கோ, ஒவ்வொருத்தருக்கா ஆத்திக்கொண்டு நிண்டா மட்ச் போயிடும்.

நாலு மணிக்கு ரோல்ஸ். இதை முதல்நாள் இரவே சுருட்டி, ரஸ்க் தூளில பிரட்டி பிறிட்ஜுக்குள்ள வைச்சிடலாம், பொரிக்கிறது மட்டும்தான் மிச்சம், அதையும் ரெண்டு மணிக்கு முதல் முடியுங்கோ. ஆறினாலும் ரோல்ஸ் ருசிதான். ஆளுக்கு மூண்டு எண்டு 45 சுருட்டுங்கோ, எங்கட வீட்டுக் கணக்கில ஒரு கிலோ மாவுக்கு 40 மட்டில வரும். சைவ ஆக்களின்ர விசயத்தில தயவுசெய்து கவனம், உள்ளுக்க மரக்கறி வைச்சாப் போதாது, ரொட்டி மாவுக்கு முட்டை விடக்கூடாது, முட்டையில தோய்க்கிறதுக்குப் பதிலா கோதுமை மாவைத் தண்ணியில கரைச்சுத் தோய்க்க வேணும், புது எண்ணெயில மரக்கறி ரோல்ஸை முதல் பொரிச்செடுத்துப் போட்டுத்தான் மீன் ரோல்ஸ் போட வேணும். அவை ஒண்டும் கேக்க மாட்டினம், பேசாம தேத்தண்ணியோட இருந்திடுவினம், அதுதான் எனக்குக் கவலை.

ஆறு மணி மட்டில இன்னிங்ஸ் மாறும். அதுக்குக் கடலை. ஒரு கிலோ காய்ஞ்ச கடலை முதல்நாள் ஊறப்போட்டா ரெண்டு மடங்குக்கு மேல வரும், 15 பேருக்குத் தாராளம். செத்தல் மிளகாய், கடுகு, கருவேப்பிலை போட்டுத் தாளிச்சு வையுங்கோ, தேங்காய்ச் சொட்டை மட்டும் குடுக்கேக்க போடுங்கோ, வெக்கைக்கு அது கெதியாப் பழுதாயிடும்.

இரவுக்கு எல்லாரும் கொத்து கேப்பினம். வீட்டில 15 பேருக்குக் கொத்துப் போட வெளிக்கிட்டா நீங்கள் திரும்பவும் தாச்சியோடதான். ரொட்டியைக் கடையில சொல்லிவிடுங்கோ, கறியை மட்டும் காலமை வையுங்கோ, இறைச்சியில தூள் ஊறி இரவுக்கு இன்னும் ருசி கூடும். குழம்பா விடாம பிரட்டலா இறக்குங்கோ, கோப்பையை மடியில வைச்சுக்கொண்டு ரீவி பார்க்கிற ஆக்கள், ஒரு சிக்ஸுக்குத் துள்ளி எழும்பினா குழம்பு செற்றியிலதான். சைவத்துக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல், வேற சட்டி, வேற கரண்டி. அதோட கழுவிற வேலையை இவரிட்டயும் சிநேகிதரிட்டயும் இப்பவே சொல்லி வையுங்கோ, வந்தாப் பிறகு சொன்னா நடக்காது.

கேள்வி: அப்பாக்கு சீனி வருத்தம். மட்ச் எண்டா கை சும்மா இராது, மிக்ஸரும் சோடாவுமாத்தான் இருப்பார். என்ன குடுக்கலாம்?
- வாசகர், சுன்னாகம்

பதில்: தனியா ஒரு சின்னக் கோப்பையில அவிச்ச கச்சான், கோதோட குடுங்கோ தம்பி. உடைச்சு உடைச்சுத் தின்ன நேரம் போகும், கைக்கும் வேலை. சோடாவுக்குப் பதில் உப்புக் குறைச்ச மோர். அளவைப் பற்றி அவற்ற டொக்டரிட்ட ஒருக்காக் கேளுங்கோ. மற்றவை சோடாப் போத்திலை அவருக்கு முன்னால உடைக்காம இருந்தா அதுவே பெரிய உதவி.

கேள்வி: வடக்கின் போர் கிரிக்கெட் மட்ச் பார்க்க மகனும் கூட்டாளியளும் சென்ட்ரல் கிறவுண்டுக்குப் போகினம். மத்தியானச் சோறு கட்டிக் குடுக்கப் போறன், பழுதாகாம என்ன வைக்கலாம்?
- வாசகி, நல்லூர்

பதில்: 1904இல இருந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதுற மட்ச், வீட்டுச் சோத்தோட போற பிள்ளையளை நினைக்க எனக்குச் சந்தோசமா இருக்கு. ஆனா மார்ச் வெயில். பால் விட்ட கறி, சொதி ஒண்டும் வேண்டாம், பின்னேரத்துக்கு முதல் புளிச்சிடும். சோத்தை நல்லா ஆறவிட்டு வாட்டின வாழையிலையில கட்டுங்கோ, சூட்டோட கட்டினா வேர்த்துப் போகும். பொரிச்ச மீன், கத்தரிக்காய்ப் பொரியல், பொரிச்ச மோர்மிளகாய் ரெண்டு. தண்ணிப் போத்தில் ஒண்டை முதல்நாள் இரவே ஐஸாக்கி, பார்சலோட ஒரே பையுக்குள்ள வைச்சு விடுங்கோ, உருக உருகக் குடிப்பினம்.