வாஷிங் மெஷின் பக்கத்தில் நிற்கும் மகள்

மகளின் படிப்பைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தில் மதிப்பெண்ணைவிட ஒரு புகார்தான் என் கண்ணில் பட்டது. "பாதி வேகத்தில் அந்த ஆட்டம் ஆடும் வாஷிங் மெஷின், முழு வேகம் வந்ததும் ஏன் அடங்குகிறது என்று கேட்டு உயிரை எடுக்கிறாள்." கவலைப்படாதீர்கள், நன்றாக வருவாள் என்று சொல்லி முடித்திருப்பேன். ஆனால் பெரியப்பா சொல்கிறார் என்று கடன் வாங்கி கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம்.

அந்தப் படிப்பைக் குறை சொல்லவில்லை. கோடிங் வகுப்பை அவள் இரண்டே மாதத்தில் விட்டாள் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். கடனைக் கட்டப்போவது நீங்கள், நான்கு வருடம் உட்கார்ந்து படிக்கப்போவது அவள். பெரியப்பாவுக்கு இரண்டும் இல்லை.

அவள் கேட்ட கேள்வியை வைத்தே ஒரு தொழில் நடக்கிறது. கப்பலிலும் ஜெனரேட்டரிலும் எஞ்சினுக்கு அடியில் ரப்பரும் இரும்பும் சேர்ந்த தாங்கிகள் இருக்கும், மவுண்ட் என்பார்கள். எஞ்சினின் துடிப்பு தளத்துக்கு இறங்காமல் தடுப்பது அவற்றின் வேலை. தாங்கிமேல் நிற்கும் எந்த எடைக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. எஞ்சினின் துடிப்பு அதோடு ஒத்துப்போனால் பேயாட்டம்தான். துடிப்பு அந்த வேகத்தைப்போல் 1.41 மடங்கைத் தாண்டிய பிறகுதான் மவுண்ட் அதிர்வைக் குறைக்கவே தொடங்கும். உங்கள் வீட்டு மெஷின் அடங்குவதும் இப்படித்தான்.

கணக்கு அழகானது. எடை ஏறியதும் மவுண்ட் 1 மில்லிமீட்டர் அமுங்கினால், அந்த ஆட்டம் நொடிக்கு ஏறக்குறைய 16 முறை. 10 மில்லிமீட்டர் அமுங்கினால் 5 முறை. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் எஞ்சின் என்றால் நொடிக்கு 25 சுற்று. ரப்பர் தானே கொஞ்சம் அதிர்வை விழுங்குவதை, அதாவது தணிப்பை, விட்டுவிட்டுப் பார்த்தால், முதல் மவுண்டில் அந்த அதிர்வு விசையில் மூன்றில் இரண்டு பங்கு கீழே இறங்கிவிடும். இரண்டாவதில் இருபத்து நான்கில் ஒரு பங்குதான்.

சரி, அப்படியென்றால் மெத்தென்று போட்டுவிடலாமே? கப்பல் உருளும்போது எஞ்சினும் சாயும். குழாய் விரிசல் விடும், எஞ்சின் சுழற்றும் தண்டு நேர்கோட்டிலிருந்து விலகும். அதனால் சாய்வைத் தடுக்கும் நிறுத்திகள், வளைந்துகொடுக்கும் இணைப்பு, புகைக்குழாயில் மடிப்புக் குழாய் என்று ஒன்றுக்காக இன்னொன்றை மாற்றிக்கொண்டே போக வேண்டும். இயற்கை ரப்பரில் எண்ணெய் பட்டால் உப்பிக் கெடும். கெடாவிட்டாலும் வருடக்கணக்கில் மெல்லத் தாழும். நிமிடத்துக்கு நூறு சுற்றுபோல மெதுவாக ஓடும் பெரிய கப்பல் எஞ்சினுக்கு இந்த வித்தை பலிக்காது. அதற்கு வேண்டிய அளவு அமுங்கும் மவுண்டை யார் செய்வது? அதை இறுக்கமாகவே பிணைத்துவிடுவார்கள். இதையெல்லாம் எடைபோட்டு முடிவெடுக்கத் தெரிந்தவரைத்தான் கப்பல் கட்டும் தளமும் பம்பு, கம்ப்ரசர் செய்பவர்களும் தேடுகிறார்கள்.

"கடல் வேலையெல்லாம் பெண்பிள்ளைக்கு எதற்கு" என்று அவள் அப்பா கேட்கலாம். இதற்காக மாதக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டியதில்லை. பாதி நாள் மேசையில் கணக்கு, பாதி நாள் சோதனைக்கூடம், எப்போதாவது எஞ்சின் அறையில் அளவெடுப்பு. காதடைப்பான் போட்டுக்கொண்டு எண்ணெய் வாசத்தில் நிற்கத்தான் வேண்டும். அவள் முகம் சுளிக்கும் ஆளாகத் தெரியவில்லை.

இடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். முதல் வேலை கிடைக்க மென்பொருள்காரர்களைவிடக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். ஆனால் இதற்குப் பெயர்பெற்ற கல்லூரி தேவையில்லை. கட்டணம் கட்டுப்படியாகிற இடத்தில் மெக்கானிக்கல் போதும், ஆய்வகம் ஓடுகிறதா என்று மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். அதிர்வியலும் பொருட்களின் வலிமையும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டால் மேற்படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கடனுக்குக் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். அதிர்வை அளக்கும் செயலி ஒன்றை போனில் இறக்கி, போனை மெஷின்மேல் டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். வேகம் ஏற ஏற எந்த இடத்தில் கோடு உச்சிக்குப் போய் இறங்குகிறது என்று அவளே வரையட்டும். அடுத்த முறை பெரியப்பா வரும்போது அந்தப் படத்தை அவரிடம் அவளே விளக்கட்டும்.