எம்.பி. பேசிவிட்டார் என்று பெர்மிட்டைக் கைமாற்றாதீர்கள்

கேள்வி: கொக்கட்டிச்சோலைப் பக்கம் அப்பாவின் பெயரில் பெர்மிட் (அரச காணிக்கான அனுமதிப் பத்திரம்) வயற்காணி ஒன்று இருக்கிறது. அப்பா இறந்து நான்கு மாதம். அம்மா இப்போது என்னோடு செங்கலடியில் இருக்கிறார். அந்தக் காணியை எனக்குச் சீதனமாகத் தருவதாக அப்பா எழுதிய கடிதம் என்னிடம் உண்டு. பெர்மிட் காணிகளுக்கு உறுதி (முழு உரிமைப் பத்திரம்) வழங்கக் கோரி எங்கள் மாவட்ட எம்.பி. ஒருவர் தனிநபர் பிரேரணை கொண்டுவந்துள்ளாராம். முந்திப் பதிபவர்களுக்கே உறுதி கிடைக்கும் என்று சொல்லி ஊரில் ஒருவர் 15,000 ரூபாவும் மூலப் பெர்மிட்டும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் சகோதரி. பணத்தை விடவும் பெர்மிட்டைக் கொடுக்க வேண்டாம்.

எம்.பி. உண்மையிலேயே பேசியிருக்கலாம், நல்ல நோக்கத்தோடும் பேசியிருக்கலாம். ஆனால் தனிநபர் பிரேரணை என்பது அரசாங்கம் இதைச் செய்ய வேண்டும் என்று சபையில் வைக்கும் கோரிக்கை. அது நிறைவேறினாலும் சட்டம் ஆகாது. சட்டமாக வேண்டுமென்றால் சட்டமூலம், அதாவது சட்ட வரைவு, ஒன்று வர்த்தமானியில் வர வேண்டும், வாக்கெடுப்பில் தேற வேண்டும், சபாநாயகர் சான்றுரைக்க வேண்டும். இடையில் பாராளுமன்றம் கலைந்தால் எல்லாம் காலாவதி. அரச நிதியில் கைவைக்கும் சட்டமூலத்தை அமைச்சர் ஒருவர்தான், அதுவும் அமைச்சரவையின் ஒப்புதலோடு கொண்டுவர முடியும்; அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரை அப்படிச் சொல்கிறது. 2024இல் ‘உறுமய’ என்று பெர்மிட்டுகளை முழு உரிமையாக மாற்றப் புறப்பட்டதும் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கம்தான், தனி எம்.பி. அல்ல. மேடையிலும் முகநூலிலும் பேசுகிறவர்கள் தங்கள் பிரேரணை எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு வரி சொன்னால் என்ன? அதைச் சொல்லாமல் விடுவதால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

இந்தத் தரகர்களின் வேலை எப்போதும் ஒரே மாதிரி. முதலில் “படிவம்” என்பார்கள், அப்புறம் “பிரதேச செயலகத்தில் எனக்கு ஆளிருக்கு” என்பார்கள். மூன்றாம் முறை ஒரு வெற்றுத்தாளிலோ அற்றோணித் தத்துவத்திலோ (உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கையெழுத்துக் கேட்பார்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணியை உங்கள் விருப்பப்படி விற்க முடியாது. நொத்தாரிசு எழுதிக் கொடுத்தாலும் அந்த உறுதி செல்லாது. ஆனால் உங்கள் மூலப் பத்திரத்தையும் கையெழுத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் காணிக்குள் இறங்கிவிட்டால், அவரை எழுப்ப வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டிவரும்.

இனி உங்கள் அவசரத்துக்கு வருகிறேன். பிரேரணையை விட்டுவிடுங்கள், அப்பாவின் இறந்த திகதியைப் பாருங்கள்.

பெர்மிட்காரர் இறந்தால் முதலில் உரித்து வாழ்க்கைத் துணைக்கு. ஆனால் பெர்மிட்காரர் இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்தத் துணை காணியை ஆட்சிக்கு எடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த உரித்துத் தவறிவிடும். நான்கு மாதம் போய்விட்டது. அம்மா செங்கலடியில் இருப்பது தவறில்லை, ஆனால் வயலை அவர் பெயரில் செய்விக்க வேண்டும். “என் கணவர் இறந்துவிட்டார், காணியை நான் பராமரிக்கிறேன், உரித்து எனக்கு” என்று அம்மாவே கையெழுத்திட்ட கடிதத்தை, மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பெர்மிட் ஆகியவற்றின் பிரதிகளோடு மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகத்தில் கொடுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பெற்றுக்கொண்டதாகத் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

சீதனக் கடிதம் மனதுக்கு நோவான விஷயம். மட்டக்களப்பில் மகளுக்கு வீடும் வளவும் கொடுப்பதுதான் வழக்கம், அப்பாவும் அப்படியே நினைத்திருப்பார். ஆனால் பின்னுரித்தாளர் (தனக்குப் பின் காணி சேர வேண்டியவர்) நியமனம் அவர் உயிரோடு இருக்கும்போதே முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும்; வீட்டுப் பெட்டியில் இருக்கும் கடிதம் அதற்கு ஈடாகாது. அப்பா எப்போதாவது கந்தோரில் உங்கள் பெயரைப் பதிவித்தாரா என்று பிரதேச செயலகத்தில் உள்ள காணிக் கோவையில் (கோப்பில்) தேடச் சொல்லுங்கள். பதிவு இருந்தால் அம்மாவுக்குப் பிறகு காணி உங்களுக்கு. இல்லாவிட்டால் சட்ட அட்டவணைப்படி பிள்ளைகளுக்குப் போகும். முன்பு அந்த வரிசையில் ஆண்பிள்ளைகள்தான் முந்துவார்கள். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த அநீதியை நீக்கியது. எத்தனை தலைமுறை மகள்மாருக்குப் பிந்தி வந்தது அது! உங்கள் அண்ணன் தம்பி யாராவது “சட்டப்படி ஆம்பிளைக்குத்தான்” என்றால் இந்த இலக்கத்தைச் சொல்லுங்கள். அம்மா தன் விருப்பத்துக்கு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்கட்டும்.

கந்தோரில் “காணி உத்தியோகத்தர் மாறிப்போயிட்டார், கோவை கிடைக்கல்ல, அடுத்த கிழமை வாங்க” என்பார்கள். எத்தனை ஏழைகளின் உரித்து இந்த அடுத்த கிழமையிலேயே அழிந்துபோனது! வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், பெர்மிட் இலக்கத்தைக் குறிப்பிட்டு, கோவையின் நிலையையும் பதிவான பின்னுரித்தாளரின் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து அம்மாவின் கடிதத்தைத் தாமதிக்க வேண்டாம். அது இந்த வாரமே போகட்டும்.